அமர்வின் முடிவும் புறநடையும்

இணையத்தின் வழியாக ஒரு நிறுவனத்தின் கணினியோடு தொடர்புகொள்ளும் ஒருவர், அக்கணினி தம்மை நினைவில் வைத்திருக்கிறது என்றே கருதுவர். உண்மை அதற்கு மாறானது. பயனரின் மேலோடிக்கும் நிறுவனத்தின் சேவையகத்துக்கும் இடையே நிகழும் பரிமாற்றத்தை ஆளும் நெறிமுறை நினைவாற்றல் அற்றது. ஒரு வேண்டுகோள் வந்தது. அதற்கு விடை சென்றது. அவ்வளவில் உறவும் அற்றது. அடுத்த வேண்டுகோள் அதே கையினின்று வரினும், சேவையகத்துக்கு அது முன்பின் அறியாத ஒருவரின் வேண்டுகோளே. இக்குறையை நீக்கும்பொருட்டு 1994ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய லூ மொன்ருல்லி என்பார் 'குக்கி' எனப்படும் சிறிய அடையாளச் சீட்டினை வகுத்தார். சீட்டு பயனரின் மேலோடியில் இருக்கும். அச்சீட்டின் எண்ணுக்குரிய விவரங்கள் சேவையகத்தில் இருக்கும். இவ்விரண்டும் பொருந்தி நிற்கும் காலமே 'அமர்வு' எனப்படுவது.

அமர்வைத் தொடங்கும் முறைபற்றிச் செய்நிரலாக்க நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. கடவுச்சொல் எத்தன்மையதாதல் வேண்டும், அதனை எவ்வாறு மறைத்துவைத்தல் வேண்டும் என்பனவெல்லாம் அவற்றில் இடம்பெறும். முடிக்கும் முறைக்கோ ஓரிரு பக்கங்களே கிடைக்கின்றன. முடிக்கும் வேளையிலேயே ஒரு பிழை நேர்ந்தால் யாது செய்வது என்னும் வினாவைத் தொடக்கநூல்கள் பெரும்பாலும் எழுப்புவதே இல்லை. அவ்வினா எத்துணை இன்றியமையாதது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு நோக்கத்தக்கது.

பொரளையிற் சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருப்பதைக் கொழும்பு வாழ்வோர் அறிவர். வெளிமாவட்டம் ஒன்றிலிருந்து நோயுற்ற பிள்ளையைக் கொண்டுவந்த தந்தை ஒருவர், அயலிலுள்ள தொடர்பாடல் நிலையம் ஒன்றுக்குச் சென்று, தம் வங்கிக்கணக்கின் கூற்றினை அச்சிட்டு எடுக்கின்றார் எனக் கொள்க. கைத்தொலைபேசி எங்கும் பரவிவிட்ட இந்நாளிலும், தாளில் அச்சிடுவதற்கென இத்தகைய நிலையங்களை நாடுவோர் உளர். அலுவல் முடிந்ததும் அவர் 'வெளியேறு' என்பதை அழுத்துகின்றார். திரையில் விளங்காத ஆங்கிலத்தொடர் ஒன்று தோன்றுகின்றது. பார்வையாளர் நேரம் முடியுமுன் பிள்ளையிடம் திரும்பவேண்டிய அவசரத்தில் அவர் எழுந்து செல்கின்றார். அந்நாற்காலியில் அடுத்து வந்து அமர்பவர், மேலோடியின் பின்செல்லும் பொத்தானை ஒருமுறை அழுத்துகின்றார். தந்தையின் அமர்வு முடிந்துவிட்டதா, இல்லையா என்பது இந்நிலையில் வெறும் ஏட்டு வினா ஆகாது.

அமர்வை முடித்தல் என்பது ஒரு செயல்போலத் தோன்றினும் உண்மையிற் பல செயல்களின் தொகுதியாகும். அவற்றுள் தலையாயது சீட்டின் உரிமையை நீக்குதல். அதன்பின் அப்பயனருக்கென ஒதுக்கப்பட்டவற்றை மீளப் பெறுதல் வேண்டும்: தற்காலிகக் கோப்புகள், தரவுத்தளத்தோடு திறந்திருக்கும் இணைப்பு, அவர் திருத்திக்கொண்டிருந்த பதிவின்மீது இடப்பட்ட பூட்டு ஆகியன இவ்வகையின. இனி, அவர் வெளியேறிய நேரத்தை ஏட்டிற் பொறித்தல், உள்ளிருப்போர் தொகையில் ஒன்றைக் குறைத்தல் முதலியனவும் உண்டு. உரிமை நீக்கம் பெரும்பாலும் சேவையகத்தின் நினைவகத்துக்குள்ளேயே நிகழ்ந்துவிடுதலின் அது தவறுதல் அரிது. ஏனையவை பிறரைச் சார்ந்தவை. தரவுத்தளம் அவ்வேளையில் இயங்காதிருக்கலாம், வட்டு நிறைந்திருக்கலாம், அழிக்கவேண்டிய கோப்பை வேறொரு செய்நிரல் முன்னரே அழித்திருக்கலாம். அந்நிலையில் ஜாவா முதலிய மொழிகளில் எழுதப்பட்ட செய்நிரல், தான் சென்ற வழியை விட்டு விலகிப் 'புறநடை' ஒன்றை எழுப்பும்.

புறநடை என்னும் சொல் தமிழ் மாணவருக்குப் புதியதன்று. இலக்கண ஆசிரியர், இயலுட் கூறிய விதிகளுள் அடங்காது எஞ்சியவற்றைத் தழுவிக்கொள்ளும்பொருட்டு இயலின் இறுதியிற் புறனடைச் சூத்திரம் அமைப்பர். அவ்வாறு எஞ்சியவை யாவும் பிழை ஆகா. பிழையைக் குறிக்க வேறொரு சொல் உண்டு, அது வழு. வழுவினும் ஒருவகை, காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படும். உவப்பு மிகுதியாற் பசுவை உயர்திணையாக்கி அழைப்பது போல்வது. அதனை வழுவமைதி என்பர். இம்மூன்று சொற்களின் வேறுபாட்டை உணர்ந்த ஒருவருக்குக் கணினியின் புறநடைகளைக் கையாளும் முறையிற் பாதி விளங்கிவிடும். செய்நிரலாளர் பலர் எல்லாவற்றையும் வழு எனக் கொண்டு அஞ்சுகின்றனர். வேறு சிலர் எல்லாவற்றையும் அமைதி எனக் கொண்டு வாளா இருக்கின்றனர்.

முதலில் மிக எளியதொன்றை நோக்குக. பயனர் 'வெளியேறு' என்பதை இருமுறை அழுத்திவிடுகின்றார். அல்லது அவர் அழுத்தும் கணத்திலேயே கால எல்லை கடந்து அமர்வு தானே முடிந்துவிடுகின்றது. ஜாவா மொழியின் சேர்வ்லெற் விதிப்படி, முன்னரே முடிந்த அமர்வை மீண்டும் முடிக்க முற்பட்டாற் 'பொருந்தா நிலை' எனப் பொருள்படும் புறநடை எழும். ஆயின் நிகழ்ந்தது யாது? பயனர் விரும்பியது வெளியேற்றம், வெளியேற்றம் நிகழ்ந்துவிட்டது. ஆகவே இப்புறநடையைப் பிடித்து, வெளியேறிய பக்கத்தையே அவருக்குக் காட்டுதல் தகும். இது வழுவமைதியின் பாற்படும். இதனைப் பெரும்பிழையாக்கித் திரை நிறையச் செய்நிரலின் உள்விவரங்களைக் காட்டுவது, பயனரை அச்சுறுத்துவதோடு, வேண்டாதார்க்குச் சேவையகத்தின் அமைப்பையும் வெளிப்படுத்தும்.

இனி, கடினமான பகுதி. பயனர் தாமே வெளியேறும்போது புறநடை எழுமாயின் அதனைக் கேட்க ஒருவர் இருக்கின்றார். ஆனால் அமர்வுகளுட் பல, பயனர் ஒன்றுமே செய்யாது சென்றுவிட, கால எல்லை கடந்து முடிவனவாம். அவ்வேளையில் வேண்டுகோளும் இல்லை, விடைக்குக் காத்திருப்பாரும் இல்லை. துப்புரவு செய்வது சேவையகத்தின் பின்னணியில் இயங்கும் ஓர் இழை. அங்கே எழும் புறநடை எவரிடம் சென்று முறையிடும்? 2001ஆம் ஆண்டில் வெளிவந்த சேர்வ்லெற் விதிநூலின் 2.3ஆம் பதிப்பு, அமர்வின் தொடக்கத்தையும் முடிவையும் அறிந்து செயற்படும் 'செவிமடுப்பான்' என்னும் உறுப்பினை அறிமுகப்படுத்தியது. அமர்வு காலாவதியானதை அறியும் செவிமடுப்பான் கையாளப்படாத புறநடை ஒன்றை எழுப்பினால், பிரயோகத்தை எழுதியவருக்கு அதனைப் பிடிக்க வேறு இடம் இல்லை என்பதை அவ்விதிமரபு தெளிவாக ஒப்புக்கொள்கின்றது. அதன்பின் வரும் வேண்டுகோள்கள் அனைத்துக்கும் 500 என்னும் பிழைக்குறியையே விடையாக அளிக்கவும் சேவையகத்துக்கு அது இடங்கொடுக்கின்றது. செவிமடுப்பான் தவறிய பின்னரும் பிரயோகம் வழமைபோல் இயங்கவேண்டின், எழுதுவோர் தம் புறநடைகளை அச்செவிமடுப்பானுக்குள்ளேயே கையாளவேண்டும் என்பது அதன் முடிபு. எவரோ ஒருவர் மூடாது சென்ற அமர்வின் எச்சம், எஞ்சிய பயனர் அனைவரையும் வாயிலில் நிறுத்திவிடக்கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

நடைமுறையிற் சேவையகங்கள் இவ்வளவு கடுமையாக நடப்பதில்லை. சண் மைக்கிரோசிஸ்ரம்ஸ் நிறுவனம் 1999ஆம் ஆண்டில் அப்பாச்சி அமைப்பினருக்கு அளித்த செய்நிரலிலிருந்து வளர்ந்த 'டொம்கற்' என்னும் சேவையகம் உலகெங்கும் வழங்குவது. அதன் மூலநிரல் யாவரும் காணத் திறந்து கிடத்தலின் துப்புரவு முறையை ஐயமறக் கற்கலாம். வேறு கட்டளை இல்லாதவிடத்து அமர்வின் கால எல்லை 30 நிமிடம். பின்னணி இழை 10 செக்கனுக்கு ஒருமுறை விழித்தெழும். ஆறு முறைக்கு ஒருமுறை, அஃதாவது ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை, காலாவதியான அமர்வுகளைத் தேடி முடிக்கும். ஓர் அமர்வை முடிக்கும்போது செவிமடுப்பான்களை, அவை அறிவிக்கப்பட்ட ஒழுங்குக்கு எதிரொழுங்கில், ஒவ்வொன்றாக அழைக்கும். ஒவ்வோர் அழைப்பும் தனித்தனியே காப்பிடப்பட்டிருக்கும். ஒன்று தவறினால் அதன் புறநடை பிடிக்கப்பட்டுப் பதிவேட்டில் எழுதப்படும். பின்னர் அடுத்த செவிமடுப்பான் அழைக்கப்படும். இறுதியில் அமர்வு முடிந்தே தீரும்.

காப்பினைச் சுழற்சியின் வெளியே ஒரேயொருமுறை இட்டிருந்தால் யாது நிகழும் என எண்ணிப்பார்க்க வேண்டும். முடிக்கவேண்டிய அமர்வுகள் நூறு. மூன்றாவதிற் பிழை நேர்ந்தது. புறநடை வெளியே பிடிபடும், செய்நிரல் விழாது. ஆனால் எஞ்சிய 97 அமர்வுகளும் அச்சுற்றில் முடிக்கப்படா. அடுத்த சுற்றிலும் பிழையுள்ள அதே அமர்வு முன்னே வந்து நிற்குமாயின் அவை ஒருபோதும் முடியமாட்டா. நினைவகம் மெல்ல மெல்ல நிறையும். சில நாளிற் சேவையகம் தளரும். காரணம் எவருக்கும் புலப்படாது. காப்பினை உள்ளே இடுவதற்கும் வெளியே இடுவதற்கும் எழுத்தளவில் உள்ள வேறுபாடு இரண்டு வரிகளின் இடமாற்றமே.

டொம்கற் எல்லாப் புறநடைகளையும் விழுங்கிவிடுவதும் இல்லை. நினைவகம் முற்றாகத் தீர்ந்தமை போன்ற, இயந்திரத்தின் அடிப்படையையே தாக்கும் பிழைகளை அது மேலே செல்ல விடுகின்றது. அத்தகைய நிலையில் ஒன்றும் நேராததுபோல் மேற்செல்லுதல் பேதைமையாகும்.

இவ்வாராய்ச்சி கொழும்புக்குப் புறம்பான ஒன்றன்று. 2003ஆம் ஆண்டிற் கொழும்பில் நிறுவப்பட்ட லங்கா சொவ்ற்வெயர் பவுண்டேஷன் என்னும் அமைப்பைச் சார்ந்த இளைஞர், அப்பாச்சியின் 'அக்ஸிஸ் 2' என்னும் இணையச்சேவைப் பொறியை ஆக்குவதிற் பெரும்பங்கு கொண்டனர். அப்பொறியில் ஒரு சேவையின் வாழ்நாள் நான்கு வகையாக வகுக்கப்பட்டுள்ளது: ஒரு வேண்டுகோளளவில் முடிவது, இருவகை அமர்வுகளின் அளவில் நிற்பது, பிரயோகம் உள்ளளவும் நிலைப்பது என. அவ்விருவகை அமர்வுகளுள் ஒன்றான சோப் அமர்வுக்கு, வேறு கட்டளை இல்லாதவிடத்து, 30 செக்கனே எல்லை. சேவை தோன்றும்போது அழைக்கப்படும் செயலும், அழியும்போது அழைக்கப்படும் செயலும் தனித்தனியே உள. இரண்டாவதை எழுதும் ஒருவர், தம் செயலின் பிழை தம் சேவையளவில் நின்றுவிடும்படி எழுதல் கடமை. அந்த அமைப்பை நிறுவியவரான சஞ்சீவ வீரவரண முதலியோர் 2005ஆம் ஆண்டிற் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தின் 'காபன்' என்னும் தளமும் டொம்கற்றைத் தன்னகத்தே கொண்டதாகும்.

அதே கொழும்பில், 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளின் பின்னர், தன்னார்வச் செய்நிரலாளர்கள் சில வாரங்களில் 'சஹன' என்னும் இடர்முகாமைத்துவப் பிரயோகத்தை உருவாக்கினர். காணாமற்போனோர், முகாம்கள், நிவாரண அமைப்புகள் ஆகியன பற்றிய பதிவேடுகள் அதில் இருந்தன. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப்பயன் விருது அதற்குக் கிடைத்தது. அது பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டதாகலின், அம்மொழியின் துப்புரவு முறையும் ஈண்டு அறியத்தக்கது. பி.எச்.பி.யிற் பின்னணி இழை என ஒன்று இல்லை. யாரோ ஒருவருடைய அமர்வு தொடங்கும்போதே, நூற்றில் ஒன்று என்னும் வாய்ப்பளவில், பழைய அமர்வுகள் கூட்டித் தள்ளப்படும். 1440 செக்கன், அஃதாவது 24 நிமிடம், தொடப்படாத அமர்வு கழிவாகக் கருதப்படும். டெபியன் முதலிய சில தொகுதிகள் இம்முறையை நிறுத்திவைத்துக் குறித்த நேரந்தோறும் இயங்கும் தனிச் செயலிடம் அதனை ஒப்படைத்துள்ளன. அது நன்முறையே. ஏனெனில், முதன்முறையில் ஒருவர் விட்டுச்சென்ற எச்சத்தாற் பிழை எழுமாயின், அது அப்போது தற்செயலாக உள்ளே வந்த, யாதொரு தொடர்புமற்ற வேறொருவரின் திரையிலே தோன்றக்கூடும்.

இத்தகைய பிரயோகங்களில் வேறொரு நுட்பமும் உண்டு. துப்புரவு என்னும் சொல்லே எஞ்சியவை யாவும் குப்பை என்னும் எண்ணத்தைத் தருவது. முகாம் ஒன்றில், இழந்த தன் மகளைப்பற்றி ஒரு தாய் சொல்லச் சொல்லத் தொண்டர் ஒருவர் பதிந்துகொண்டிருக்கின்றார் எனக் கொள்க. தாயாற் பேச இயலவில்லை, அரைமணி நேரம் கழிகின்றது, அமர்வு காலாவதியாகின்றது. பெயர் ஓர் அட்டவணையிற் சேர்ந்துவிட்டது. கடைசியாகக் கண்ட இடமும் அடையாளமும் இன்னும் சேரவில்லை. துப்புரவு அப்பதிவை முழுமையாக நீக்கலாம். அல்லது முடிவுறா வரைவு எனக் குறித்து வைக்கலாம். இரண்டினுட் பின்னையதே மனிதத்தன்மை வாய்ந்தது. ஆனால் துப்புரவுச் செயலே இடைநடுவிற் புறநடையால் அறுந்து, பாதி நீங்கிப் பாதி எஞ்சிய பதிவு, முழுமையானது போன்ற தோற்றத்தோடு பட்டியலில் நிற்குமாயின், அதுவே மூன்றனுள்ளும் கொடியது. ஆதலின் தரவுத்தளத்தில் இத்தகைய மாற்றங்களை ஒரே பரிவர்த்தனையாக, எல்லாம் நிகழ்க அல்லது ஒன்றும் நிகழாதொழிக என்னும் முறையில் அமைத்தல் வேண்டும்.

பிழையைப் பிடித்துவிட்டு ஒன்றும் செய்யாதிருப்பது செய்நிரலாளரிடையே பரவலாகக் காணப்படும் வழக்கம். பிடிக்கும் பகுதியை வெறுமையாக விட்டுவிடுவர். முடிவிலே நேர்ந்த பிழைதானே, வேலை ஆகிவிட்டதே என்பது அவர்தம் எண்ணம். வெளியே விட்ட புறநடையாவது கூச்சலிட்டுத் தன் இருப்பை அறிவிக்கும். விழுங்கப்பட்ட புறநடையோ அதனையும் செய்யாது. திறந்த இணைப்புகள் மூடப்படாமல் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, தரவுத்தளம் புதிய இணைப்பை மறுக்கும் நாளிலே, பதிவேட்டைப் புரட்டுவோர் அங்கே வெற்றுத் தாளைத்தான் காண்பர். எந்த அமர்வு, எந்தச் செயல், எந்த நேரம் என்னும் மூன்றையும் பதிதல் இன்றியமையாதது. அமர்வின் சீட்டெண்ணை மட்டும் முழுமையாகப் பதியலாகாது. உரிமை நீங்காத அமர்வின் சீட்டெண் பதிவேட்டிற் கிடப்பது, திறவுகோலைக் கதவிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

வேறொரு தீங்கும் இங்கே நேர்வதுண்டு. பணமாற்றம் ஒன்று தவறி ஒரு புறநடை எழுகின்றது. அது மேலே செல்லும் வழியில், இறுதியில் எப்படியும் நிகழவேண்டும் என எழுதப்பட்ட துப்புரவுப்பகுதி இயங்குகின்றது. அங்கே இணைப்பை மூட முயன்றபோது இரண்டாவது புறநடை எழுகின்றது. ஜாவாவில் இரண்டாவது முதலாவதை முற்றாக மறைத்துவிடும். பிழையை ஆராய்வோர் 'இணைப்பை மூட இயலவில்லை' என்பதையே கண்டு அதன்பின்னே அலைவர். பணம் ஏன் மாறவில்லை என்பது எவருக்கும் தெரியாது. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஜாவா 7 இதற்குத் தீர்வு கண்டது. அதன் புதிய தொடரமைப்பிற் துப்புரவிலே எழுந்த புறநடை, முதற்புறநடையோடு அடக்கப்பட்ட ஒன்றாக இணைத்து வைக்கப்படும். முதலாவதே தலைமை பெறும். அவ்வமைப்பைப் பயன்படுத்த இயலாத இடத்தும் இந்நெறியைக் கையால் எழுதிப் பேணலாம்.

உரிமையை முதலில் நீக்குவதா, துப்புரவை முதலிற் செய்வதா என்பதில் விதிநூலே ஒருமுறை தன் நிலையை மாற்றியுள்ளது. 2.3ஆம் பதிப்பில் அமர்வு முடிந்த பின்னரே செவிமடுப்பானுக்கு அறிவிக்கப்பட்டது. ஆதலின் அமர்வுள் இருந்தவற்றை அதனாற் படிக்க இயலவில்லை. யாருடைய கோப்பை அழிப்பது என்பதே அதற்குத் தெரியாது. 2003ஆம் ஆண்டின் 2.4ஆம் பதிப்பு, முடிவதற்குச் சற்று முன்னரே அறிவிக்கும்படி விதித்தது. அதனாற் செவிமடுப்பான் பயனுடையதாயிற்று; ஆனால் உரிமை நீக்கம் பின்தள்ளப்பட்டமையின், செவிமடுப்பானின் பிழை அதனைத் தடுத்துவிடக்கூடும் என்னும் இடரும் உடன் வந்தது. டொம்கற் தன் காப்பினால் அவ்விடரைத் தவிர்க்கின்றது. பிரயோகத்தை எழுதுவோர் தாமே வெளியேற்றப் பகுதியை அமைக்கும்போது, துப்புரவுக்கு வேண்டிய பெயர்களையும் எண்களையும் முதலில் வேறாக எடுத்து வைத்துக்கொண்டு, உடனே உரிமையை நீக்கி, அதன்பின்னரே ஏனையவற்றைச் செய்தல் சாலச் சிறந்தது. அப்பொழுது கோப்பு அழியாவிடினும், ஏட்டில் நேரம் பொறிக்கப்படாவிடினும், பொரளை நிலையத்தில் அடுத்து அமர்பவருக்குத் தந்தையின் கணக்கு திறக்காது. கோப்பை மறுநாளும் அழிக்கலாம்.

ஒரே கடவுச்சொல்லாற் பல பிரயோகங்களுட் புகும் இக்காலத்தில் இச்சிக்கல் மேலும் விரிகின்றது. ஒன்றில் வெளியேறும்போது ஏனையவற்றிலும் வெளியேற்றப்படவேண்டும். அவற்றுள் ஒன்று மறுமொழி தராதிருக்கலாம். அதன்பொருட்டு மற்றவற்றை நிறுத்திவைத்தலும் தகாது. எல்லாம் முடிந்தது எனப் பொய்யுரைத்தலும் தகாது. 2005ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட எஸ்.ஏ.எம்.எல். 2.0 என்னும் நியமம், இந்நிலையைக் குறிப்பதற்கென்றே 'பகுதி வெளியேற்றம்' எனப் பொருள்படும் தனிநிலைக்குறி ஒன்றைக் கொண்டுள்ளது. அக்குறி சேவையகங்கள் தம்முட் பேசும் மொழியில் உள்ளது. பயனருக்கு அதனை எடுத்துரைப்பது பிரயோகத்தின் பொறுப்பு. அந்தத் தந்தையின் திரையில் விளங்காத ஆங்கிலத்தொடருக்குப் பதிலாக வரவேண்டியது இவ்வளவே: 'தங்கள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டீர்கள். இதனோடு தொடர்புடைய மற்றொரு சேவையிலிருந்து வெளியேறியமை உறுதியாகவில்லை. மேலோடியின் சாளரங்கள் அனைத்தையும் மூடிவிட்டுச் செல்க.' அதனைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்தற்கு ஒரு நாழிகை போதும்.